சமாதானக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. தலைமை, மாவட்ட வருவாய் அலுவலர். ஒரு தரப்பு, திருச்செங்கோட்டைச் சேர்ந்த சாதி, மத அமைப்புகள். மறுதரப்பு, எழுத்தாளர் பெருமாள்முருகன். 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவல் தங்கள் ஊரையும் கோவிலையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்பது அமைப்புகளின் புகார். அதற்குள் புத்தகப் பிரதிகள் எரிக்கப்பட்டிருந்தன. ஊரில் கடையடைப்பும் நடந்து முடிந்திருந்தது. பேச்சுவார்த்தையின் முடிவில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தன் முகநூல் பக்கத்தில் அறிவித்தார்.

இதுபோன்ற சந்திப்புக்கு நம் நிர்வாகத்தில் 'சமாதானக் கூட்டம்' என்று பெயர். நல்ல சொல்தான். வரப்புத் தகராறு, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, தேர் எந்தத் தெரு வழியாகப் போகணும் என்பது மாதிரி விஷயங்களில் தாசில்தாரோ கோட்டாட்சியரோ இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வைத்து அனுப்புகிறார்கள். பல ஊர்களில் ரத்தம் சிந்தாமல் இருப்பதற்கு இந்தக் கூட்டங்கள் ஒரு காரணம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாமக்கல்லில் பேச்சுக்கு வந்தது வரப்பு இல்லை, ஒரு குடிமகன் எழுதும் உரிமை. அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு தந்த ஒன்றை, வரப்பைப் போல அங்கே பாதி இங்கே பாதி என்று பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று அரசு அலுவலகம் எடுத்துக்கொண்டது. பிரித்தபோது ஒரு தரப்புக்கு முழுசும் போனது. மறுதரப்புக்குப் பேனாகூட மிஞ்சவில்லை.

அரசை நெருக்கித் தங்களுக்கு வேண்டியதைச் சாதித்துக்கொள்ளும் குழுக்களை அரசியல் பாடப்புத்தகங்கள் அழுத்தக் குழுக்கள் என்கின்றன. நாமக்கல்லை நினைத்துக்கொண்டு இவை ஜனநாயகத்துக்கு வேண்டுமா வேண்டாமா என்று நண்பர்களிடம் கேட்டால், பதில் சட்டென்று வரும்: "இந்தச் சங்கம் எல்லாத்தையும் மொதல்ல தடை பண்ணணும் சார்." எனக்கு அது சரியான பதிலாகத் தோன்றவில்லை. காரணம், நாம் இன்று அனுபவிக்கும் உரிமைகளில் பலவும் இன்னொரு கூட்டம் யாரையோ நெருக்கியதால் கிடைத்தவை.

வைக்கத்தை எடுத்துக்கொள்வோம். மகாதேவர் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. இங்கிருந்து பெரியார் போனார், இருமுறை சிறைக்கும் போனார். அந்த நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் சவர்ண சாதியினர் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போய், தெருக்களை எல்லோருக்கும் திறந்துவிடும்படி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவை மகாராணியிடம் கொடுத்தார்கள். பத்மநாபன் யார்? நாயர் சமூகத்துக்காக ஒரு சாதிச் சங்கத்தைத் தொடங்கி நடத்தியவர். சாதிச் சங்கத்துக்காரர் ஒருவர் இன்னொரு சாதியின் உரிமைக்காக நடந்திருக்கிறார். 'சாதிச் சங்கம்' என்ற பலகையை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட முடியாது.

இதே கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. 1925 பிப்ரவரியில் தெருக்களைத் திறக்கும் தீர்மானம் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரு மனிதன் தெருவில் நடக்கலாமா என்ற கேள்வி ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. ஓட்டெடுப்பு அதன் விதிகளின்படி ஒழுங்காகத்தான் நடந்தது. தவறு, அந்தக் கேள்வியை ஓட்டுக்கு விட்டதில் இருந்தது. கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில் மூன்று தெருக்கள் திறந்தன என்றால், அதற்குச் சட்டமன்றத்துக்கு வெளியே இருபது மாதம் நீடித்த நெருக்கடிதான் காரணம்.

அமெரிக்காவில் இதே விஷயம் வேறொரு கோணத்தில் நீதிமன்றத்துக்கு வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம், உன் உறுப்பினர்களின் பெயர், முகவரிப் பட்டியலைக் கொடு என்று 1956இல் அலபாமா மாநிலம் கேட்டது. மாண்ட்கோமெரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலம். பட்டியல் வெளியே போனால் யாருக்கு வேலை போகும், யார் வீட்டுக்கு மிரட்டல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அமைப்பு மறுத்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். அப்போதும் கொடுக்கவில்லை. 1958இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அமைப்பின் பக்கம் நின்றது. சேர்ந்து நிற்பவர்கள் யார் யார் என்று அரசு துருவ ஆரம்பித்தால் யாரும் சேரவே மாட்டார்கள், அப்போது சேரும் உரிமை ஏட்டில்தான் இருக்கும் என்பது தீர்ப்பின் சாரம். தனியாளாக அலபாமா அரசின் முன்னால் நிற்க முடியாதவருக்கு அந்தச் சங்கம்தான் கூரை. கூரையைப் பிரித்தால் உள்ளே இருப்பவர்தான் நனைவார்.

ஆகவே குழுக்களை ஒழிப்பது பற்றிப் பேச்சில்லை. 1787இல் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளின் பத்தாவதில் ஜேம்ஸ் மேடிசன் வந்துசேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான்: மனிதர்கள் சுதந்திரமாக இருக்கும்வரை அணி சேரத்தான் செய்வார்கள், அதன் விளைவுகளைக் கட்டுக்குள் வைப்பதுதான் ஆகக்கூடிய காரியம்.

அப்படியென்றால் வைக்கத்தில் நெருக்கியவர்களுக்கும் திருச்செங்கோட்டில் நெருக்கியவர்களுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் பிடித்த பக்கம், பிடிக்காத பக்கம் என்பதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா? வன்முறையைச் சொல்லலாம். ஆனால் கடையடைப்பை இரண்டு வகைக் கோரிக்கைக்கும்தான் நடத்துகிறார்கள். பெரும்பான்மை, சிறுபான்மை என்று பிரித்துப் பார்க்கலாமென்றால், 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை நிறுத்தச் சொன்னவை சிறுபான்மை அமைப்புகள். உண்மையான வேதனை, நடிப்பு வேதனை என்று பிரிப்பது இன்னும் மோசம். திருச்செங்கோட்டில் மனம் நொந்தவர்கள் எல்லோரும் நடித்தார்கள் என்று சொல்ல நான் யார்? தன் ஊரையும் தன் பாட்டியையும் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அது வலிக்கத்தான் செய்யும்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வசதியை ஒருவர் பயன்படுத்தும்போது அது ஜோராக ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று லோடு டெஸ்ட் செய்து பார்க்காமல் வெளியே விட மாட்டோம். கோரிக்கைகளையும் இப்படிச் சோதிக்கலாம். 'இந்தத் தெருவில் நானும் நடக்க வேண்டும்' என்பதை எல்லோரும் கேட்கட்டும். கேட்டால் தெருவில் கூட்டம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 'என் மனதைப் புண்படுத்திய புத்தகம் இருக்கக் கூடாது' என்பதையும் எல்லோரும் கேட்கட்டும். சைவரும் வைணவரும் கேட்பார்கள், முருக பக்தரும் நாத்திகரும் கேட்பார்கள், மாமியார்களும் மருமகள்களும் கேட்பார்கள். கடைசியில் நூலகத்தில் ரயில்வே கால அட்டவணைதான் மிஞ்சும். முதல் கோரிக்கை எல்லோருக்கும் கொடுத்தாலும் நிற்கிறது. இரண்டாவது ஒருவருக்குக் கொடுக்கும்வரைதான் நிற்கிறது. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அதை உரிமை என்று சொல்ல முடியாது. சலுகை என்றுதான் சொல்ல வேண்டும்.

இது கான்ட் சொன்னதுதானே என்று தத்துவம் படித்த வாசகர் கேட்பார். ஆமாம், நான் எஞ்சினியரிங் வழியாக அங்கே வந்து சேர்ந்தேன். இந்தச் சோதனை எல்லா வழக்கையும் தீர்த்துவிடாது என்பதும் தெரியும். ஒரு சமூகத்தை அடித்து நொறுக்குங்கள் என்று மேடையில் பேசுவதைத் தடுக்கச் சொன்னால், அந்தக் கோரிக்கை சோதனையில் தேறும். எல்லாச் சமூகமும் அதைக் கேட்கலாம், எல்லோருக்கும் கொடுக்கலாம். பொய்யாக அவதூறு சொன்னவன்மேல் வழக்குப் போடுவதும் தேறும். மனம் நொந்தவர் புத்தகத்தை வாங்காமல் இருக்கலாம், கண்டித்துக் கூட்டம் போடலாம், நூறு பக்கத்துக்கு மறுப்பு எழுதலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம். இவை எல்லாமே அவருடைய உரிமை. நாளைக்கு அதையும் யாராவது தடுத்தால் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும்.

குழு தேறாத கோரிக்கையோடு வருவது ஒரு விஷயம். அரசு ஏன் அதற்கு இணங்குகிறது என்பது வேறு விஷயம், எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு எளிது. ஒரு பக்கம் ஆயிரம் பேர், நாளைக்குக் கல் எறியக்கூடியவர்கள். மறுபக்கம் ஒரு ஆள், கையில் பேனா. ஆயிரம் பேரைக் கட்டுப்படுத்த வெளி மாவட்டத்திலிருந்து போலீஸ் வரவழைக்க வேண்டும். ஒருவரைக் கட்டுப்படுத்த ஒரு தாள் போதும். கூடவே ஒரு சட்டச் சந்தும் இருக்கிறது. பேச்சுரிமைக்கு வரம்பு வைக்கும் 19(2) பிரிவில் 'மனம் புண்படுதல்' என்று ஒரு காரணம் இல்லை. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் இருக்கிறது. அதுவும் முதலிலிருந்தே இருந்ததில்லை. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்கு மெட்ராஸ் அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 1950இல் ரத்து செய்தது. மறு ஆண்டே முதல் அரசியல் சாசனத் திருத்தத்தில் அந்தச் சொல் உள்ளே வந்தது. ஆகவே தடை வேண்டுபவருக்கு வழி தெளிவு: ஒழுங்கைக் கெடுக்கப்போவதாக நாமே காட்டினால் போதும், தடைக்கான காரணம் தயார்.

சட்டம் இந்தச் சந்தை அறியாதது இல்லை. 1882இலேயே இங்கிலாந்தில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற ஊரில் சால்வேஷன் ஆர்மியினர் ஊர்வலம் போனார்கள். அவர்களைத் தாக்குவதற்கென்றே 'எலும்புக்கூட்டுப் படை' என்று ஒரு கும்பல் திரண்டது. போலீஸ், ஊர்வலம் போனவர்களைக் கைது செய்தது. சட்டப்படியான ஒரு செயல், அதைக் கண்டு இன்னொருவன் சட்டத்தை மீறுவான் என்பதற்காகச் சட்டவிரோதமாகிவிடாது என்று உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பீட்டி எதிர் கில்பேங்க்ஸ் என்ற அந்த வழக்கைச் சட்டக் கல்லூரியில் இன்றும் படிக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்தது. தணிக்கைச் சான்றிதழ் கொடுத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. ஆர்ப்பாட்டம் செய்வோம், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை ஒடுக்கினால் அது மிரட்டலுக்குச் சரணடைவது ஆகும். பகையான கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு கையை விரிக்கக் கூடாது, காப்பாற்றுவதுதான் அதன் கடமை என்றது தீர்ப்பு. அந்தப் படத்தின் வாதத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் நமக்கு ஒவ்வாத படத்தின் வழக்கில்தானே நாம் எங்கே நிற்கிறோம் என்று நமக்கே தெரியவரும்?

இருபத்து நான்கு வருடம் கழித்து, அதே தமிழ்நாட்டில், தணிக்கை பெற்ற 'விஸ்வரூபம்' படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டு நிறுத்தினார்கள். எல்லாத் திரையரங்குக்கும் காவல் போடப் போலீஸ் போதாது என்று அரசு சொன்னது. எதைச் சொல்லக் கூடாது என்று 1989 தீர்ப்பு சொன்னதோ, அதையே. தனி நீதிபதி தடையை நீக்கினார், மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. பிறகு பேச்சுவார்த்தை, சில இடங்களில் ஒலி நீக்கம், பிப்ரவரி 7 அன்று வெளியீடு. எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். கற்றுக்கொள்ள வேண்டியவர்களும் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்: கூட்டம் கூட்டினால் மேஜைக்குக் கூப்பிடுவார்கள். நாமக்கல்லுக்கும் அதற்கும் இடையே இரண்டு வருடம்தான்.

மீண்டும் என் தொழிலிலிருந்தே ஒன்று. எந்த வேலையை முதலில் முடிப்பது என்பதைப் பாதி நேரம் சத்தம் போடும் வாடிக்கையாளர்தான் முடிவு செய்கிறார். 'எஸ்கலேட்' செய்தவர் வேலை முதலில் நடக்கும். அதில் பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை. எந்த ஊருக்குப் பாலம், எந்தப் பயிருக்கு மானியம் என்பதெல்லாம் அரசில் அப்படித்தான் முடிவாகிறது, ஆகட்டும். ஆனால் எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும், இன்னொரு பயனரின் பாஸ்வேர்டைக் கொடு என்றால் அந்தக் கோரிக்கை வரிசைக்கே வராது. வேலைகளின் முன்னுரிமை வேறு, அனுமதிகளின் அமைப்பு வேறு. அடிப்படை உரிமைகளை எழுதி வைத்தவர்கள் செய்ததும் இந்தப் பிரிவினைதான்: சில விஷயங்களைப் பேரத்துக்கு அப்பால் எடுத்து வைத்தார்கள். சமாதானக் கூட்டம் அதைச் சத்தமில்லாமல் திரும்ப வரிசைக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

சரி, பெருமாள்முருகனுக்குக் கடைசியில் நியாயம் கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கூட்டத்தில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்ற பொருளில் சொல்லி, எழுத்தாளர் தனக்கு நன்றாக வரும் வேலைக்கே, எழுத்துக்கே, மீண்டு வரட்டும் என்று முடித்தது. மகிழ்ச்சி. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. கையெழுத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. அடுத்தது, அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனது யார்? தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம். அதுவும் ஒரு குழுதான். ஒரு சங்கம் பறித்ததை இன்னொரு சங்கம் மீட்டுக் கொடுத்திருக்கிறது.

சங்கம் இல்லாதவருக்கு என்ன வழி? பொருளாதார அறிஞர் மான்சர் ஓல்சன் 1965இல் குழுச் செயல்பாடு பற்றி எழுதிய நூல் இந்தக் கவலைக்கு ஒரு காரணம் தருகிறது. ஒரு பேச்சுக்கு, பத்து ஆலைகளுக்கு ஆளுக்குப் பத்துக் கோடி லாபம் தரும் ஒரு விதி வருகிறது, அதனால் பத்துக் கோடி மக்களுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். தொகை இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் பத்து ஆலைகள் ஒரே அறையில் உட்கார்ந்து பேச முடியும். பத்து ரூபாய்க்காக யார் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போராட வருவார்? கருத்துரிமையிலும் இதே கணக்குதான். ஒரு நாவல் மறைந்தால் அதைப் படிக்கவிருந்த ஒவ்வொரு வாசகருக்கும் நஷ்டம் கொஞ்சம்தான். தான் எதை இழந்தோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. வாசகர்களுக்குச் சங்கமும் இல்லை. எழுத்தாளருக்காவது பெயர் இருந்தது, மொழிபெயர்ப்பு இருந்தது, குரல் கொடுக்க ஆள் இருந்தது. ஊர்க்கட்டுப்பாட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடியையும், வாட்ஸப்பில் ஏதோ பகிர்ந்துவிட்டு மன்னிப்பு வீடியோ எடுத்துப் போட வைக்கப்பட்ட பையனையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்காக மனு எழுத யாரும் வருவதில்லை.

உரிமைக்கு ஒரு பொருள் இருக்க வேண்டுமென்றால், அது நம் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. 1948 நவம்பரில் அரசியல் சாசன வரைவை அவையில் வைத்துப் பேசியபோது அம்பேத்கர், அரசியல் சாசன ஒழுக்கம் இயல்பாக வருவதில்லை, பழகித்தான் வர வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். இந்தப் பழக்கம் உச்ச நீதிமன்றத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது தாலுகா அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும்தான். டெல்லியில் தீர்ப்பு எழுதுபவரின் வாசலில் ஆயிரம் பேர் கல்லோடு நிற்பதில்லை. கோட்டாட்சியரின் வாசலில் நிற்கிறார்கள்.

அந்தக் கோட்டாட்சியர் கையில் ஆயுதம் இல்லாமலும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, அமைதியைக் குலைக்கக்கூடியவர் என்று தோன்றுபவரிடம் அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்குக் கொடுத்தது. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்திலும் வேறு எண்ணோடு அது இருக்கிறது. ஒரு புத்தகத்துக்காக ஊரைக் கொளுத்துவோம் என்று யாராவது வந்தால், அதிகாரி தாளை எடுத்து அவரிடம்தான் நீட்ட வேண்டும். கூட்டம் கூட்டட்டும், இரண்டு தரப்பும் பேசட்டும், காபியும் கொடுக்கட்டும். அடுத்த முறை செய்தித்தாளில் 'சமாதானக் கூட்டத்தில் சுமுக முடிவு' என்று ஒரு பத்தி வந்தால் நாம் ஒன்றை மட்டும் தேடிப் பார்க்கலாம். மிரட்டியவரிடம் கையெழுத்து வாங்கினார்களா, மிரட்டப்பட்டவரிடம் வாங்கினார்களா என்பது அந்தப் பத்தியில் எங்கேயாவது இருக்கும்.